பழைய வீட்டுக் கணக்குகளிலிருந்து நம்பத்தகுந்த மதிப்பீடு எடுப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்கும் இளம் பொறியாளர் ஒருவர், தான் முடித்த பதினைந்து வீடுகளின் கணக்கு நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவற்றிலிருந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று சராசரி எடுத்துத்தான் மதிப்பீடு கொடுக்கிறார். இருந்தும் பெரும்பாலான வீடுகளில் செலவு சொன்னதைத் தாண்டிவிடுகிறது. இப்போது திருவட்டாறு அருகே சரிவான மனை ஒன்றில் 1,400 சதுர அடி வீட்டுக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள். பழைய கணக்கை எப்படிக் கையாண்டால் உரிமையாளரும் தானும் நம்பக்கூடிய ஓர் எண் கிடைக்கும் என்பது அவருடைய கேள்வி. பதிலை அவரிடமே சொல்வதாக எழுதுகிறேன்.

பதினைந்து வீடுகளின் பில்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பதே பெரிய விஷயம். நம் மாவட்டத்தில் பல ஒப்பந்ததாரர்களிடம் கடைசி இரண்டு வீடுகளின் கணக்குகூட முழுதாக இருக்காது. ஆனால் அந்தக் கணக்கைச் சதுர அடிச் சராசரியாகச் சுருக்கியதும் அதிலிருந்த அறிவு பெரும்பாலும் போய்விடுகிறது. சராசரியில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: எவ்வளவு பொருளும் உழைப்பும் போயின, அன்றைக்கு அவற்றின் விலை என்ன, அந்த மனையும் அந்த உரிமையாளரும் எப்படிப்பட்டவர்கள். இந்த மூன்றையும் பிரித்து எழுதினால்தான் பழைய கணக்கு புதிய வீட்டுக்குப் பேசும்.

முதலில் அளவு. விலை மாறும்; அளவு அவ்வளவாக மாறாது. 2019-இல் கட்டிய வீட்டின் சிமெண்ட் விலை இன்று உங்களுக்குப் பயன்படாது. அந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை போயிற்று என்பது இன்றும் பயன்படும். சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை சிமெண்ட், மூன்றரை முதல் நான்கு கிலோ கம்பி என்று பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பதினைந்து வீடுகளுக்கும் இந்த இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த வீடு இதிலிருந்து விலகுகிறதோ அதில் ஏதோ ஒரு செய்தி இருக்கிறது. கம்பி ஐந்து கிலோவைத் தாண்டியிருந்தால், ஒன்று மேல்மாடிக்காகத் தூண்களைக் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள், அல்லது கீழே மண் சரியில்லாமல் இருந்திருக்கும், அல்லது கம்பி வீணாகியிருக்கும். காரணத்தை அந்தந்த வீட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். கூலிக்கும் இதே முறைதான். மொத்தக் கூலியை மட்டும் எழுதாமல் எத்தனை கொத்தனார் நாள், எத்தனை கையாள் நாள் என்று எழுத வேண்டும். பலர் கூலிப் பட்டியலை வாரச் சம்பளம் கொடுத்ததும் கிழித்துவிடுகிறார்கள். சிமெண்ட் பில்லைக் கடையிலாவது கேட்டுப் பார்க்கலாம். வேலை நாள் கணக்கு போனால் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது, பதினைந்து வீடுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. ஒரு வீட்டில் கார் நிறுத்தும் இடத்தை முழுப் பரப்பாகச் சேர்த்திருப்பீர்கள், இன்னொன்றில் பாதியாக. ஒன்றில் சுற்றுச்சுவர், கேட், செப்டிக் டேங்க், கிணறு எல்லாம் உள்ளே. இன்னொன்றில் உரிமையாளரே தனியாகச் செய்துகொண்டார். ஒன்றில் அயனி மரத்தைத் தங்கள் விளையிலிருந்தே (தோட்டத்திலிருந்தே) அறுத்துக் கொடுத்தார்கள், அதனால் மரச் செலவு கணக்கில் இல்லை. இப்படிப்பட்ட மூன்று வீடுகளின் சதுர அடி விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆகவே பரப்பளவை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு விதியை வகுத்து, பதினைந்தையும் அந்த விதிப்படி மறுபடி அளந்து எழுதுங்கள். வீட்டுக்கு வெளியே உள்ள வேலைகளைத் தனி வரிசைக்கு மாற்றுங்கள். உரிமையாளர் கொடுத்த பொருளுக்கும் அன்றைய சந்தை விலையைப் போட்டுச் சேருங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் மதிப்பீட்டின் நம்பகத்தன்மையில் பாதி இங்கேதான் உருவாகிறது.

குமரி மாவட்டத்துக்கு மட்டும் உரிய ஒரு பிரிவினையை நான் வற்புறுத்திச் சொல்வேன். அஸ்திவாரத்திலிருந்து தரைமட்டம் வரை ஒரு கணக்கு, அதற்கு மேலே இன்னொரு கணக்கு. மேலே உள்ள வீடு நாகர்கோவிலானாலும் அருமனையானாலும் ஏறத்தாழ ஒன்றுதான். கீழே உள்ளதுதான் ஊருக்கு ஊர் வேறு. இவ்வளவு சிறிய மாவட்டத்தில் நிலம் இவ்வளவு வேறுபடுவதைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்ப்பது அரிது. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் மேடும் பள்ளமுமான நிலம். மனையைச் சமப்படுத்தவும் கருங்கல்லில் தாங்குசுவர் கட்டவும் ஆகும் செலவு, சில இடங்களில் ஒரு அறை கட்டும் செலவை எட்டிவிடும். நாஞ்சில் நாட்டில் வயலை நிரப்பி மனையாக்கிய இடங்களில் களிமண் ஆழமாக இருக்கிறது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டத் தோண்டக் கெட்டி மண் வராது, தண்ணீர்தான் வரும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கரையோரம் மணலும் உப்புக்காற்றும்; கம்பிக்கு மேலே கான்கிரீட் மூடல் கூடுதலாக வேண்டும், ஜன்னல் இரும்புக்கும் பெயிண்ட்டுக்கும் வேறு கணக்கு. ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். இந்த நான்கையும் கலந்து ஒரு சராசரி எடுத்து, அதைத் திருவட்டாற்றுச் சரிவில் கொண்டுபோய் வைத்தால் எண் தவறாமல் எப்படி இருக்கும்?

லாரி மனைவரை போகுமா என்பதையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள். மேற்குப் பகுதியில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஆறடிப் பாதைதான் பல மனைகளுக்கு வழி. எம்-சாண்ட் என்ற செயற்கை மணலையும் ஜல்லியையும் சாலையில் இறக்கிச் சிறிய வண்டியில் ஏற்றி, கடைசித் தூரத்தைத் தலைச்சுமையாகக் கடத்தும் வேலைக்கு ஆகும் கூலி எந்த அரசு விலைப்பட்டியலிலும் உங்கள் மனைக்கென்று எழுதப்பட்டிருக்காது. உங்கள் பழைய கூலிப் பட்டியலில்தான் இருக்கும்.

வேலை தொடங்கிய மாதத்தையும் விட்டுவிடாதீர்கள். நமக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழை. ஜனவரியில் வானம் தோண்டிய வீடும் மே கடைசியில் தோண்டிய வீடும் ஒரே வரைபடமாக இருந்தாலும் ஒரே செலவில் முடிவதில்லை. தண்ணீர் இறைப்பது, சரிந்த மண்ணை மறுபடி அள்ளுவது, கான்கிரீட்டைத் தாங்க வாங்கி வேலையில்லாமல் நிற்கும் சென்ட்ரிங் பலகைக்கு வாடகை கொடுப்பது எல்லாம் அதில் சேரும்.

இனி விலையை இன்றைக்குக் கொண்டுவருவது. மத்தியப் பொதுப்பணித் துறை கட்டடச் செலவுக் குறியீடு, அதாவது செலவு எவ்வளவு மாறியது என்று காட்டும் எண், வெளியிடுகிறது. நம் மாநிலப் பொதுப்பணித் துறையும் விலை விகிதப் பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். ஆனால் சிறிய வீடுகளுக்கு நீங்களே ஒரு குறியீடு தயாரித்துக்கொள்வது நல்லது. எல்லைப் பகுதியில் கொத்தனார் கூலியைப் பாதி தீர்மானிப்பது கேரளம். களியக்காவிளை தாண்டினால் அதிகக் கூலி கிடைக்கும்போது அந்த விலையைக் கொடுக்காமல் இங்கே ஆள் கிடைக்காது. மாநிலம் முழுமைக்குமான பட்டியலில் இந்த அழுத்தம் அப்படியே தெரிய வழியில்லை.

குறியீடு தயாரிப்பது கடினமில்லை. கணக்கு புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்களைச் சொல்கிறேன். 2020-இல் 24 லட்சத்தில் முடிந்த ஒரு வீட்டில் நூற்றுக்கு 15 பங்கு சிமெண்ட், 15 கம்பி, 15 மணலும் ஜல்லியும், 8 செங்கல், 30 கூலி, மீதி 17 மரம், டைல்ஸ், மின்சாரம், குழாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து இன்றுவரை சிமெண்ட் 1.05 மடங்கு, கம்பி 1.25, மணலும் ஜல்லியும் 1.30, செங்கல் 1.20, கூலி 1.40, மற்றவை 1.20 மடங்கு ஆகியிருக்கின்றன என்றால், ஒவ்வொரு பங்கையும் அதன் மடங்கால் பெருக்கிக் கூட்டினால் 126 வருகிறது. ஆக, 24 லட்சம் இன்று 30.24 லட்சம். சிமெண்ட் விலை ஏறவில்லையே என்று உரிமையாளர் வாதாடும்போது, கூலிப் பங்கு மட்டும் 30-லிருந்து 42 ஆனதைக் காட்டலாம். உங்கள் பங்குகள் உங்கள் பில்களிலிருந்து வர வேண்டும்; என் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் கவனிக்க இரண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குக் கொண்டுபோகிறோம் என்பது ஒன்று. ஒப்பந்தம் போட்ட நாளை எடுக்கக் கூடாது. பணம் பெரும்பாலும் செலவான நடுப்பகுதியை எடுக்க வேண்டும். புதிய வீட்டுக்கும் அப்படியே: இன்றைய விலையில் நிறுத்தாமல், வேலை பாதியில் இருக்கப்போகும் மாதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று வரி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது; சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. வரிக்கு முந்தைய விலை மாறாவிட்டாலும் மூட்டை விலை ஏறத்தாழ எட்டு சதவீதம் குறைய வேண்டிய மாற்றம் இது. பழைய பில்லில் வரியையும் விலையையும் சேர்த்தே எழுதியிருந்தால், விலை இறங்கியதா வரி இறங்கியதா என்று உங்களுக்கே தெரியாது. இனி இரண்டையும் தனித்தனி வரிசையில் எழுதுங்கள்.

இவ்வளவும் அடிப்படை. இனிச் சொல்லப்போவதைத்தான் நம்மவர்களில் மிகச் சிலர் செய்கிறார்கள்; உங்கள் கேள்விக்கு முக்கியமான பதிலும் இதுவே. ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் முதலில் சொன்ன தொகை என்ன, கடைசியில் ஆனது என்ன? இரண்டாவதை முதலாவதால் வகுத்து ஒரு வரிசை எழுதுங்கள்.

1979-இல் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், மனிதர்கள் திட்டமிடும்போது தங்கள் வேலையின் உள்விவரங்களிலேயே மூழ்கி, அதே போன்ற வேலைகள் முன்பு எப்படி முடிந்தன என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள் என்று எழுதினார்கள். 2002-இல் பென்ட் ஃபிளிவ்பியர்க் என்ற டேனிஷ் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 20 நாடுகளைச் சேர்ந்த 258 போக்குவரத்துக் கட்டுமானத் திட்டங்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. சராசரி மீறல் 28 சதவீதம். ரயில் திட்டங்களில் 45, பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் 34, சாலைகளில் 20 சதவீதம். எழுபது ஆண்டுத் தரவில் இது குறைந்துவரவும் இல்லை. அனுபவம் மிகுந்த பொறியாளர்கள் போட்ட மதிப்பீடுகள்தான் அவை. ஆகவே உங்கள் மதிப்பீடு மீறுவதை உங்கள் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீறல் எவ்வளவு என்பதை அளந்து மதிப்பீட்டுக்குள் கொண்டுவருவதுதான் வழி.

ஓர் எடுத்துக்காட்டாக, உங்கள் பதினைந்து விகிதங்களும் சிறியதிலிருந்து பெரியது வரை இப்படி இருக்கின்றன என்று கொள்வோம்: 0.97, 1.02, 1.04, 1.06, 1.07, 1.08, 1.10, 1.12, 1.13, 1.15, 1.18, 1.21, 1.24, 1.33, 1.52. நடுவில், எட்டாவதாக நிற்பது 1.12. பன்னிரண்டாவது 1.21, ஐந்தில் நான்கு வீடுகள் அதற்குள் முடிந்திருக்கின்றன. புதிய வீட்டுக்கு அடிப்படைக் கணக்கு 35 லட்சம் என்று வந்தால், அதற்குள் முடியப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள தொகை 39.2 லட்சம். ஐந்தில் நான்கு வாய்ப்புள்ள தொகை சுமார் 42.4 லட்சம். எதிர்பாராச் செலவுக்கு ஐந்து சதவீதம் என்று எல்லாரும் வழக்கமாகச் சேர்க்கிறோமே, அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இந்த 12 சதவீதத்துக்கும் 21 சதவீதத்துக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. வங்கிக் கடன் வாங்கும் உரிமையாளருக்கு 42 லட்சத்தைச் சொல்லித் திட்டமிடச் சொல்லுங்கள். பாதியில் பணம் தீர்ந்து பூச்சு வேலையோடு நிற்கும் வீடுகளை நாம் எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்.

விகிதம் எடுக்கும்போது விலையேற்றத்தைக் கழித்துவிட வேண்டும். குறியீட்டின் வழியாக விலையேற்றத்தை ஒருமுறை சேர்த்துவிட்டு, அதே ஏற்றம் அடங்கிய விகிதத்தாலும் பெருக்கினால் ஒரே செலவை இரண்டு முறை கணக்கிடுகிறீர்கள். படித்த பொறியாளர்களும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

1.52 வந்த அந்த ஒரு வீட்டை, விதிவிலக்கு என்று சொல்லித் தூக்கிவிட உங்கள் கை நீளும். தூக்காதீர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தது, 2020 மார்ச் கடைசியில் பொதுமுடக்கம் வந்தது. இனி அப்படியே வராது என்று சொல்லலாம். வேறு ஒன்று வரும். புயல், முடக்கம் என்று அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிசையிலேயே இருக்கட்டும். உங்கள் எழுத்துப்பிழையாலோ பில் தொலைந்ததாலோ தவறாக வந்த எண்ணை மட்டும் நீக்கலாம்.

உரிமையாளர் கேட்ட மாற்றங்களை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். அவற்றைத் தனி வரிசையில் எழுத வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கணக்குப் பிழை இல்லை. யார் பணம் கொடுப்பது என்பதும் வேறு. ஆனால் முன்கணிப்பிலிருந்து அவற்றை விலக்கவும் கூடாது. நம் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள்! வாட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சரி என்கிறார்கள். விடுமுறைக்கு வந்து நேரில் பார்த்ததும் சமையலறையை இடித்துப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். அவர்கள் உழைத்த காசு, அவர்கள் வாழப்போகும் வீடு; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினைந்து வீட்டில் பத்தில் இது நடந்திருந்தால், பதினாறாவது வீட்டில் நடக்காது என்று எண்ணி மதிப்பீடு போடுவது நேர்மையாகாது.

இன்னொரு மறைவான சாய்வு உண்டு. உங்கள் நோட்டில் இருப்பவை உங்களுக்குக் கிடைத்த வேலைகள் மட்டுமே. மூன்று பேரிடம் விலை கேட்டு மிகக் குறைவாகச் சொன்னவருக்கு வேலை கொடுத்திருப்பார்கள். அதாவது, எதையாவது குறைத்துக் கணக்கிட்ட வீடுகளே உங்கள் கைக்கு அதிகம் வந்திருக்க வாய்ப்புண்டு. கிடைக்காமல் போன மதிப்பீடுகளையும் இனிச் சேர்த்து வையுங்கள். வேலை பெற்றவர் சொன்ன தொகை தெரிந்தால் அதையும்.

பதினைந்து வீடுகள் போதுமா? மொத்த விகிதத்துக்குப் போதும். சரிவு மனை, வயல் மனை, கடலோரம் என்று பிரித்தால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்குதான் மிஞ்சும். அங்கே சராசரி பேசாமல் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக எடுத்துக்காட்டுங்கள். இல்லாத வகைக்கு இருப்பதை நீட்டவும் வேண்டாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். செலவு 37 கோடி ரூபாய். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.8 லட்சம் என்று கணக்கு வரும். கடலுக்கு நடுவே, பாறையிலிருந்து பாறைக்கு வில் வளைவாகக் கட்டிய பாலம் அது. அந்த விகிதத்தைப் பரளியாற்றுக்குக் குறுக்கே போடும் ஒரு நடைபாலத்துக்குப் பயன்படுத்த முடியுமா? வகை ஒன்றாக இருந்தால்தான் தரவு பேசும்.

மதிப்பீட்டை எழுதிக் கொடுக்கும்போது ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் செலவுப் பொறியியல் சங்கமான ஏ.ஏ.சி.இ. இன்டர்நேஷனல் மதிப்பீடுகளை ஐந்தாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்பு வரை பிரிக்கிறது. வெறும் எண்ணமாக இருக்கும் நிலையில் ஐந்தாம் வகுப்பு. வரைபடம் முழுமையாக முழுமையாக முதல் வகுப்பை நோக்கி ஏறி, தொகை கூடக் குறைய இருக்கும் வீச்சு குறுகும். இந்த ஒழுங்கு நமக்கும் பொருந்தும். கையால் வரைந்த படத்துக்குச் சொன்ன தொகையும், கம்பி விவரத்தோடு கட்டமைப்பு வரைபடம் வந்தபின் சொன்ன தொகையும் ஒரே உறுதியோடு இருக்க முடியாது. எந்த நிலையில், எந்த மாத விலையில், எதைச் சேர்த்து, எதை விட்டு இந்தத் தொகை வந்தது என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். உரிமையாளர் ஏதாவது ஒரு வரியில் விரல் வைத்து இது எப்படி வந்தது என்று கேட்டால், எந்த வீட்டின் எந்தப் பக்கம் என்று நோட்டைத் திறந்து காட்ட முடிய வேண்டும். அப்படிக் காட்டிய ஒப்பந்ததாரரிடம் நம் ஊரில் பேரம் வேறு விதமாக நடக்கிறது. தொகையைக் குறையுங்கள் என்பதற்குப் பதில் எதைக் குறைக்கலாம் என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

இப்போது கையில் இருக்கும் திருவட்டாற்று வீட்டுக்கு வருகிறேன். மட்டம் எடுக்காமல் எந்தத் தொகையும் சொல்ல வேண்டாம். மனையின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று தெரிந்ததும், உங்கள் நோட்டில் உள்ள சரிவு மனை வீடுகளிலிருந்து தரைமட்டம் வரையான கருங்கல் கட்டின் கன அளவை எடுத்து, உயரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மேல் கட்டடத்துக்குப் பதினைந்து வீடுகளையும் பயன்படுத்தலாம். விலையை உங்கள் குறியீட்டால் வேலை பாதியில் இருக்கப்போகும் மாதத்துக்குக் கொண்டுவந்து, விகித வரிசையிலிருந்து இரண்டு தொகைகளாகச் சொல்லுங்கள். மே மாதத்தில் வானம் தோண்டச் சொன்னால், தண்ணீர் இறைப்புக்கும் மண் சரிவுக்கும் தனி வரி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வானம் தோண்டிக் கெட்டி மண் தெரிந்த வாரத்தில் கீழ்ப்பகுதிக் கணக்கைத் திருத்தி மறுபடி கொடுப்பேன் என்பதை முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். அந்தத் திருத்தத்தில் என்ன மாறியது என்பதையும் பதினாறாவது வீட்டின் பக்கத்தில் அன்றே பதிந்து வையுங்கள்.